பனையும் தென்னையும் குளிர் தாங்குமா? யாழ்ப்பாணத்து வளவிலிருந்து சில பதில்கள்

மார்கழி பிறந்து வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் இரண்டு வகைக் கேள்விகள் வரும். லீவில் வந்து நிற்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள் முற்றத்து மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் ஒரு கன்றை அங்கே வைத்தால் வருமா என்று கேட்பார்கள். உள்ளூர்க்காரர் பனி பட்டு ஓலை மஞ்சளாகுது என்று முறைப்படுவார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பாம் (பனைக் குடும்பத்து அழகு மரம்) −2 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று கடை அட்டையில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி நடலாமா?

எண் பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. வளர்ந்த மரம், காய்ந்த காற்று, விடிகாலையில் ஓரிரு மணிநேரம் மட்டும் −2, பிறகு வெயில் ஏறிப் பகலில் 15, 16 பாகை. பெரும்பாலும் இப்படியான நிலைமையில்தான் அந்த எண் கிடைத்திருக்கும். அதே மரத்தை மழையில் ஊறிய மண்ணில், பகலும் இரவும் 4, 5 பாகையில் மூன்று நான்கு கிழமை நிற்க விடுங்கள். ஒரு துளி உறைபனி படாமலே செத்துப்போகும்.

குளிர் இரண்டு விதமாக அடிக்கும். ஒன்று உறைதல்: ஓலையில் கலங்களுக்கு இடையே உள்ள நீர் பனிக்கட்டியாகி, கலத்துக்குள் இருக்கும் நீரையும் இழுத்துக் கலத்தைச் சாகடிக்கும். அடுத்த நாளே ஓலை வெந்த கீரை மாதிரிக் கருகித் தொங்கும். மற்றது மெதுவானது. 0 பாகைக்கு மேலேயே, பத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், வெப்ப நாட்டுப் பாம்கள் பலவற்றின் வேர் வேலைநிறுத்தம் செய்துவிடும். ஈரம் இருந்தும் உறிஞ்சாது. பங்கசுக்கு அது நல்ல சந்தர்ப்பம். இந்த இரண்டாவதை யாரும் அட்டையில் எழுதுவதில்லை.

அப்புறம் பனைக் குடும்பத்துக்கே உரிய பலவீனம் ஒன்று இருக்கிறது. மாமரத்தின் நுனி கருகினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கோ கமுகுக்கோ ஒரே ஒரு குருத்துத்தான். அது செத்தால் மரம் முடிந்தது. அரிக்கா பாம் மாதிரி கூட்டமாக அடியிலிருந்து வெடித்து வருபவை மட்டும் விதிவிலக்கு.

2010 ஜனவரியில் புளோரிடாவில் குளிர் ஒரு கிழமைக்கும் மேலாக நீடித்தது. ஓர் இரவுக் குளிரைச் சமாளித்துப் பழகிய தென்னைகள் பல அந்த நீளத்தால்தான் விழுந்தன. 2021 பெப்ரவரியில் டெக்சாசில் வந்தது வேறு விதம்: கடுமையும் நீளமும் ஒன்றாக வந்து, −6 தாங்கும் என்று நம்பி நட்ட உயரமான வாஷிங்டோனியா விசிறிப் பாம்களைக் கூட வரிசையாகக் கொன்றது.

வலய எண் என்று ஒன்று சொல்கிறார்களே, அதைப் பார்த்தால் போதாதா?

அமெரிக்க விவசாயத் திணைக்களம் வகுத்த வலயங்கள் அவை. வலயம் 9 என்றால் ஆண்டின் மிகக் குளிரான இரவு சராசரியாக −6.7 முதல் −1.1 பாகைக்குள் இருக்கும். வலயம் 10 என்றால் −1.1 முதல் 4.4 வரை. எத்தனை மணிநேரம் அந்தக் குளிர், கோடையில் எவ்வளவு சூடு என்பதெல்லாம் அதில் இல்லை. லண்டனும் நடுப் புளோரிடாவும் ஏறக்குறைய ஒரே எண்ணில் விழுகின்றன. ஒரே மரத்தை இரண்டு இடத்திலும் நட்டுப் பாருங்கள், தெரியும்.

பனையா தென்னையா, எது குளிருக்குக் கெட்டி?

பனை. சந்தேகமே இல்லை.

தென்னை கடற்கரை மரம். சராசரி வெப்பம் 27 பாகையை ஒட்டி இருந்தால்தான் அதற்குச் சந்தோசம். சராசரி 20க்குக் கீழே போனால் குலை ஒழுங்காக வராது, குரும்பை கொட்டும். 4, 5 பாகையில் ஓலையில் செம்மஞ்சள் புள்ளி விழும். உறைபனி ஓர் இரவு பட்டால் ஓலை கருகும், இரண்டு மூன்று இரவு தொடர்ந்தால் குருத்துப் போய்விடும்.

பனையின் கதை வேறு. பீகாரில் பனை நிறைய நிற்கிறது. அங்கே மார்கழி, தை இரவுகளில் 5, 6 பாகைக்கு இறங்குவது சாதாரணம். நாங்கள் போர்வைக்கு மேல் போர்வை போர்த்தினாலும் போதாத குளிர் அது. வளர்ந்த பனை அதற்கும் கீழே, லேசான உறைபனியைக்கூடச் சில மணிநேரம் தாங்கிக்கொள்ளும். ஓலை கொஞ்சம் கருகலாம், மரம் சாகாது.

இளம் வயதில்தான் பனையின் கெட்டித்தனம் இன்னும் தெரியும். பனங்கிழங்குப் பாத்தி கிண்டும்போது கவனித்திருப்பீர்கள். கொட்டை மேலே, மண் மட்டத்தில் கிடக்கும். அதிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி இறங்கி, முழத்துக்கு மேல் ஆழத்துக்குப் போய், அங்கேதான் கிழங்கு திரண்டிருக்கும். கிழங்கை நடுவாகப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகக் குருத்தின் தொடக்கம் இருக்கும், தின்பதற்கு முன் தும்போடு சேர்த்து எறிவோமே, அதுதான். அதாவது மரத்தின் உயிர் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. மேலே ஓர் ஓலை, இரண்டு ஓலை விட்ட நிலையில் உறைபனி பட்டு அது கருகினாலும், மண் உறையாத வரைக்கும் உள்ளே குருத்துக்கு ஒன்றும் ஆகாது. தீக்கும் ஆடுமாட்டுக்கும் தப்ப உதவும் அதே ஏற்பாடுதான் குளிருக்கும் உதவுகிறது. தென்னம்பிள்ளைக்கு இந்த வசதி இல்லை. அதன் குருத்து தேங்காயின் தலைக்கு மேலேயே நிற்கும்.

பனைக்கு ஆபத்தான வயது வடலிப் பருவத்தின் நடுப்பகுதி. குருத்து மண்ணை விட்டு மேலே வந்திருக்கும், ஆனால் கங்குமட்டைகள் சுற்றிப் போர்க்கும் அளவுக்குத் தடிப்பு வந்திருக்காது.

கமுகு?

தென்னையை விட மோசம். 10 பாகைக்குக் கீழே முகம் சுழிக்கும். வரண்ட குளிர்காற்றும் கூடாது. கிணற்றடியில் வாழையோடு சேர்த்து வைத்து ஈரமும் நிழலும் கொடுத்து வளர்த்துப் பழகிய மரம் அது, வெளிநாட்டில் கண்ணாடி வீடு இல்லாமல் யோசிக்கவே வேண்டாம்.

முற்றத்து அழகுப் பாம்களைக் குளிர் தாங்கும் வரிசையில் சொல்ல முடியுமா?

மிகவும் தொட்டாற்சிணுங்கியில் இருந்து தொடங்கலாம். சிவப்புத் தண்டு லிப்ஸ்டிக் பாம்தான் கடைசி மாணவன். மலாயா, போர்னியோப் பக்கத்துச் சதுப்பு மரம். 15 பாகைக்குக் கீழேயே வளர்ச்சி நின்று, பத்துக்குக் கீழே ஓலை கெடத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிரச்சினை குளிர் இல்லை, சோளகக் காற்றின் வரட்சி. கொழும்பில் செழித்து நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்து, ஆடி மாதத்தில் கருகக் கொடுத்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

அடுத்தது மணிலா பாமும் போத்தல் பாமும். இரண்டுக்கும் 2, 3 பாகையே போதும், ஓலையில் காயம் தெரியும். உறைபனி பட்டால் பெரும்பாலும் முடிவுதான். மஞ்சள் தண்டு அரிக்கா பாம் 0 பாகையில் ஓலையைப் பறிகொடுக்கும், ஆனால் அடியிலிருந்து மறுபடி வெடிக்கும். அதனால்தான் எல்லை நிலங்களில் தென்னை தோற்ற இடத்திலும் அது பிழைக்கிறது.

ரோயல் பாமும் ஃபொக்ஸ்ரெயில் பாமும் ஏறக்குறைய ஒரே படியில்: வளர்ந்த மரமென்றால் −2 வரை, சிறிது நேரத்துக்கு. ஃபொக்ஸ்ரெயில் பாம் அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் மெல்வில் முனையில் மட்டும் இயற்கையாக நிற்பது. அப்படியொரு மூலையில் இருந்து வந்த மரம் இப்போது யாழ்ப்பாணத்துக் கல்யாண மண்டப வாசல்களையும் பிடித்துவிட்டது. சாடியில் வைக்கும் குட்டி ஈச்சம் பாம் −3 வரை சமாளிக்கும். வெள்ளிச் சாம்பல் நிற விசிறி ஓலையுள்ள பிஸ்மார்க் பாம் −4 வரை. அதிலும் பச்சை ஓலை வகை வெள்ளி வகையை விட மென்மையானது. வாங்கும்போது நிறம் பார்த்து வாங்க இது ஒரு காரணம்.

ஓலை நுனி தொங்கும் சீன விசிறிப் பாம் −6 வரை. காட்டீச்சை ஏறக்குறைய அதே அளவு. பேரீச்சை, காய்ந்த குளிராக இருந்தால் −7, −8 வரை போகும். காத்தான்குடி வீதியோரத்தில் குலை தள்ளி நிற்கும் அதே பேரீச்சைதான். பாலைவனத்தில் இரவு எவ்வளவு குளிரும் என்று யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

மார்கழியில் எங்கள் பாமின் புது ஓலை மஞ்சளாகிச் சுருங்கி வருகிறது. பனி பட்டதுதானே?

இல்லை. யாழ்ப்பாணத்தில் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். புல்லில் நிற்கிற மார்கழிப் பனி வெறும் நீர்த்துளி, உறைபனி இல்லை. லிப்ஸ்டிக் பாமுக்குக்கூட அது குளிரில்லை.

ஆனால் அறிகுறி உண்மை. அதை வாசிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் எந்த ஓலை என்று பாருங்கள். புதிதாக விரியும் ஓலை சிறுத்து, நுனி பொசுங்கிச் சுருண்டு, முடியைத் தீயில் காட்டியதுபோல் வந்தால் மங்கனீசுக் குறைவு. புது ஓலை முழுக்க வெளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறைவு. எங்கள் மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. கொதிகேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். காரம் கூடிய மண்ணில் இரும்பும் மங்கனீசும் இருந்தும் வேருக்கு எட்டாது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்த மாரியின் விளைவு மார்கழியில் ஓலையில் தெரிய, பழி பனியின் தலையில் விழுகிறது.

பழைய ஓலைகள் மட்டும் நுனியிலிருந்து காய்ந்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் செம்மஞ்சள் புள்ளிகள் ஊடுருவித் தெரிந்தால் அது பொட்டாசியக் குறைவு. பழைய ஓலையின் விளிம்பில் அகலமான மஞ்சள் பட்டி, நடுவே பச்சை என்றால் மக்னீசியம். ரோயல் பாமுக்கு மங்கனீசும், குட்டி ஈச்சைக்கு மக்னீசியமும் அடிக்கடி வரும் வியாதி. தண்ணீர் வடிய வழி செய்து, மாட்டெருவும் இலைக்குப்பையும் போட்டு மூடாக்கு இடுங்கள். குறைந்த சத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அளவாக இடுங்கள். காய்ந்த ஓலை பச்சையாகாது, அடுத்த ஓலைதான் விடை சொல்லும்.

நுவரெலியாவில் ஒரு வீடு எடுத்திருக்கிறோம். முற்றத்தில் ஒரு தென்னையாவது வேண்டும் என்று அப்பா அடம்பிடிக்கிறார்.

அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில்தான். தை, மாசியில் முகில் இல்லாத, காற்றில்லாத இரவுகளில் பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், மரக்கறித் தோட்டங்கள் கருகும். தென்னை அங்கே உடனே சாகாமல் சில காலம் நிற்கலாம். ஆனால் ஓலை ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும். பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு மனக்கஷ்டம்தான்.

500 மீற்றர் அளவில் இருக்கும் கண்டியில் தென்னை காய்க்கிறது. பேராதனைப் பூங்காவில் பனைக் குடும்பத்து மரங்களை வரிசை வரிசையாகப் பார்க்கலாம். சீசெல்சின் இரட்டைத் தேங்காய் உட்பட. மேலே ஏறினால் கித்துள் அழகாக வரும். பண்டாரவளை அளவு உயரத்தில் முற்றத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் என் தெரிவு கித்துள்தான். நுவரெலியாவுக்கு விண்ட்மில் பாம் (கீழே லண்டன் பதிலில் வரும் சீன விசிறி ஓலை மரம்), கனரித்தீவு ஈச்சை, கென்ஷியா ஆகிய மூன்றும் பொருந்தும். கென்ஷியா லோர்ட் ஹோ தீவு மரம். மிதமான குளிரும் ஈரமும் அதற்குப் பிடிக்கும். 1861இல் தொடங்கிய ஹக்கல பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை நடந்து, எது அந்தக் குளிருக்குப் பழகி நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பது நல்லது.

லண்டனில் தம்பி பனங்கொட்டை ஒன்றை மண்ணில் வைத்தான். முளைக்கவே இல்லை. ஏன்?

முளைக்க மண்ணுக்குச் சூடு வேண்டும், 30 பாகையை ஒட்டி. லண்டன் மண் ஆடி, ஆவணியிலும் அந்தச் சூட்டை எட்டாது. வீட்டுக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து முளைக்கப் பண்ணினாலும், வெளியே நட்டால் வளர்ச்சி நத்தை வேகம். ஒரு கோடையில் சேர்த்த பலத்தை மாரிகாலத்தின் ஈரக்குளிர் அழித்துவிடும். லண்டன் நகருக்குள் −5க்குக் கீழே போவது குறைவு. எனவே பனையைக் கொல்வது பெரும்பாலும் உறைபனி இல்லை, கோடைச் சூட்டின் பற்றாக்குறையும் ஊறிய மண்ணும்தான்.

அங்கே வெளியே நடக்கூடியது விண்ட்மில் பாம். சீன மலைப்பகுதி மரம், −12, −15 வரை தாங்கும். தண்டில் தென்னந்தும்பு மாதிரிப் போர்வை இருக்கும். ரொபேர்ட் ஃபோர்ச்சூன் 1849இல் இதை பிரித்தானியாவுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து அங்கே தோட்டங்களில் நிற்கிறது. விசிறி ஓலையைத் தூரத்தில் நின்று பார்த்தால் வடலி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நுங்கு மட்டும் கிடையாது.

ரொறன்ரோ?

வெளியே எதுவும் வேண்டாம். விண்ட்மில் பாமுக்குக்கூட அங்கே மாரிகாலம் அதிகம். கனடாவில் வன்கூவர்க் கடற்கரையில் அது நிற்கிறது, கடல் குளிரைத் தணிப்பதால். ரொறன்ரோவில் சாடியில் வைத்து, கோடையில் வெளியே, மற்றக் காலத்தில் யன்னலோரம். வீட்டுக்குள் கென்ஷியாவும் ரேபிஸ் (Rhapis) பாமும் வெளிச்சக் குறைவைப் பொறுக்கும். தென்னம்பிள்ளையைக் கடையில் வாங்கி உள்ளே வைப்பவர்கள் ஒரு வருடத்தில் அழுவார்கள்.

அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு?

அங்கே நகருக்கு நகர் பதில் மாறும். டார்வினிலும் கெயர்ன்சிலும் தென்னை ஊரில்போல நிற்கும். பிரிஸ்பேன் எல்லைக்கோடு, மரம் வரும், காய்க்க யோசிக்கும். சிட்னியில் தென்னை வேண்டாம், பங்கலோ பாமும் கென்ஷியாவும் அழகாக வரும். மெல்பேர்ணில் கனரித்தீவு ஈச்சை, விண்ட்மில் பாம், பிறகு பூட்டியா. பூட்டியாவின் பழம் தின்னலாம். −10 அளவு தாங்கும், சாம்பல் ஓலை வளைந்து கவிழும். பேசப்படாத நல்ல மரம் அது.

அவ்வளவு குளிர் தாங்கும் மரத்தை யாழ்ப்பாணத்தில் வைத்தால் இன்னும் நன்றாக வராதா?

குளிர் தாங்குவது ஒரு திறமை, சூடு தாங்குவது வேறு திறமை. விண்ட்மில் பாமுக்கு எங்கள் இரவுச் சூடுதான் எமன். இரவிலும் 27, 28 பாகை என்றால் அது சோர்ந்துபோகும். கென்ஷியாவும் பங்குனி, சித்திரை வெயிலில் ஓலை வெந்து நிற்கும். பேரீச்சை, காட்டீச்சை, பிஸ்மார்க் ஆகியவை இரண்டு பக்கமும் சமாளிப்பவை. பேரீச்சைக்கு எங்கள் ஊரில் குறுக்கே நிற்பது பழுக்கும் நேரத்து மழை மட்டும்தான்.

குளிர் பட்ட பாமைக் காப்பாற்ற முடியுமா?

பல நேரம் முடியும், ஆனால் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். கருகிய ஓலையை உடனே வெட்டாதீர்கள். பாதி பச்சை இருந்தால் அது இன்னும் மரத்துக்குச் சாப்பாடு போடுகிறது. முழுக்கக் காய்ந்தது கூட அடுத்த குளிருக்குக் குருத்தைப் போர்த்தி நிற்கும். குளிர்காலம் முடிந்த பிறகு வெட்டலாம்.

நடுக் குருத்தோலையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் கவலை இல்லை. கையோடு வந்து, அடி பழுப்பாகக் குழைந்து நாறினால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. அழுகலைச் சுரண்டி எடுத்து, குழியில் நிற்கும் தண்ணீரை வடித்து, செப்புள்ள பங்கசு நாசினியைப் போத்தலில் சொன்ன அளவுக்குக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு கிழமை பத்து நாளில் இன்னொரு தரம். அதற்கு மேல் வேண்டாம், செப்பு கூடினால் அதுவே நஞ்சு. பிறகு பொறுமை. வெயில் காலம் முழுதும் பார்த்த பிறகுதான் மரம் செத்தது என்று முடிவெடுக்க வேண்டும். முதலில் வரும் ஓலை கோணலாக, பாதி அறுந்து வரும். பயப்படத் தேவையில்லை, அது குருத்துக்குள் மடிந்திருந்தபோதே காயப்பட்ட ஓலை.

முன்கூட்டிச் செய்யக்கூடியவை: குளிர்காலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள், பொட்டாசியம் குறையாமல் பாருங்கள். உறைபனி வரும் என்று அறிவித்த நாளில் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் ஓலையில் தெளிக்காதீர்கள். குருத்தைச் சாக்கால் சுற்றிக் கட்டி, காலையில் அவிழ்த்துவிடுங்கள். பெரிய மரத்தின் கவிகைக்குக் கீழே, தெற்கோ மேற்கோ பார்த்த கல்மதிலுக்கு அருகே நட்டால் ஓரிரு பாகை இலாபம். அவுஸ்திரேலியாவில் அது வடக்கு மதில்.

சைக்கஸும் விசிறி வாழையும் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை?

இரண்டும் பனைக் குடும்பம் இல்லை. சைக்கஸ் −6, −7 வரை தாங்கும். விசிறி வாழைக்கு உறைபனி ஆகாது.

பனங்கொட்டையைச் சூட்கேசில் வைத்துக் கொண்டு போகலாமா?

அவுஸ்திரேலியாவுக்கு அந்த யோசனையே வேண்டாம். விமான நிலையத்தில் பிடித்தால் கொட்டையும் போகும், தண்டமும் கட்ட நேரும். பிரித்தானியா, கனடாவுக்கு என்ன அனுமதி வேண்டும் என்று அந்த நாட்டு விதிகளை முதலில் பாருங்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்டால் அதை வழங்குவது கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை. சதை முழுக்கக் கழுவிக் காய்ந்த கொட்டையாக இருக்க வேண்டும், பூரான் (முளைவிட்ட கொட்டையின் உள்ளே திரளும் வெண்பஞ்சு) கட்டியது வேண்டாம். அங்கே போனதும் வழக்கமான பூச்சாடியில் வைக்காதீர்கள், கிழங்கு இறங்க இடமில்லாமல் அடியில் முட்டி வளையும். கழிவுநீர்க் குழாய்த் துண்டு ஒன்றை மூன்றடி நீளத்துக்கு வெட்டி நிமிர்த்தி வைத்து, கீழே கம்பிவலை கட்டி, மணல் கலந்த மண் நிரப்பி, அதன் மேல் கொட்டையை வையுங்கள்.